கலைவாணரின் 'நல்லதம்பி' பார்த்தேன்

கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு யூடியூப் இணைப்பை அனுப்பி, "சார், இது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டான். 1949இல் வந்த 'நல்லதம்பி'. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்தான் கதாநாயகன், இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. அறிஞர் அண்ணா சினிமாவுக்கு எழுத வந்ததே இந்தப் படத்தில்தான். மேடைப் பேச்சுகளில் நூறு முறையாவது இந்தப் பெயரைக் கேட்டிருப்பேன். முழுப் படத்தைப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

2024 ஜூனுக்குப் பிறகு, சினிமாவில் ஒருவன் குடித்துவிட்டுத் தள்ளாடி வந்து சிரிப்புக் காட்டினால் நான் டிவியை அணைத்துவிடுவேன். காரணம் உங்களுக்குத் தெரியும். நம்ம கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் வாரிக்கொண்டு போனது. என்னிடம் அ, ஆ எழுதிப் பழகியவர்களும் அதில் உண்டு. வெளியூரில் இருக்கும் நீங்கள் டிவியில் பார்த்தீர்கள். நாங்கள் கோமுகி ஆற்றங்கரையில் சிதைகள் வரிசையாக எரிவதைப் பார்த்தோம். அதன்பிறகு நிவாரணம் 10 லட்சம் என்று அறிவிப்பு வந்தபோது, "குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பணம்?" என்று கேட்டவர்கள் நம் சொந்தத்திலேயே இருந்தார்கள். எனக்கு மறக்கவில்லை.

அதனால், மதுவிலக்குப் பிரசாரமும் உள்ள நகைச்சுவைப் படம் என்று கேள்விப்பட்டதும் கொஞ்சம் பயத்தோடுதான் உட்கார்ந்தேன். காலத்தைக் கவனியுங்கள். ராஜாஜி 1937இல் நமக்குப் பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, மாகாணம் முழுக்க வந்தது 1948 அக்டோபரில். சில மாதங்களில் இந்தப் படம். கலைவாணர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறையிலிருந்து விடுதலையாகி அப்போது ரெண்டு வருசம்கூட ஆகவில்லை. (அப்புறம் 1971இல் கடை திறந்ததும், 1974இல் மூடியதும், 1981இல் மறுபடி திறந்ததும் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.)

கதை, 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' என்கிற 1936ஆம் வருசத்து ஆங்கிலப் படத்தின் தழுவல். சாதாரண மனிதன் ஒருவனுக்குத் திடீரென்று பெரிய சொத்து வருகிறது. அதை ஏழைகளுக்குச் செலவழிக்க நினைக்கிறான். சும்மா விடுவார்களா? பானுமதி, டி.ஏ.மதுரம் எல்லோரும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் படம் நீளம்தான். சில இடங்களில் பிரசங்கம் தூக்கல். இந்தக் காலத்துப் பிள்ளைகள் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள்.

தள்ளக் கூடாத இடம் 'கிந்தனார்' காலட்சேபம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தைக் கிண்டலாகத் திருப்பிப் போட்டது. ஜெமினி எடுத்து தண்டபாணி தேசிகர் நடித்த 'நந்தனார்' வந்தது 1942இல். ஆகவே ஜனங்களுக்கு மூலக்கதை தண்ணிப்பட்ட பாடு. நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான், நம்ம பழைய தென்னார்க்காடு மாவட்டத்துச் சிதம்பரம்தான். கிந்தன் என்கிற சேரிப் பையன் பட்டணம் போய்ப் படிக்க ஏங்குகிறான். பாகவதர் கோலத்தில் கலைவாணர் ரொம்பப் பவ்யமாக ஆரம்பித்து, அந்தப் பவ்யத்தாலேயே சிரிக்க வைக்கிறார். கிந்தன் ரயிலேறும் இடம் வந்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். (நம்ம ஊர்ப் பிள்ளைகளை நான் ரயில் காட்டச் சின்னசேலம் கூட்டிப்போன கதை ஞாபகம் இருக்கிறதா?)

சிரித்து முடித்த பிறகுதான் யோசித்தேன். இதில் யாரைப் பார்த்துச் சிரித்தேன்? கிந்தனைப் பார்த்து இல்லை. அவனுடைய கந்தலையோ பேச்சையோ கலைவாணர் கேலிப்பொருளாக்கவே இல்லை. "உனக்கெதுக்குடா படிப்பு?" என்கிறவர்கள்மேல்தான் கேலி முழுக்கப் போய் விழுகிறது. நான் டிவியை அணைத்த காட்சிகளில் இது நேர்மாறு. அங்கே கைலி அவிழ்ந்து விழுகிறவன்தான் சிரிப்புக்கு ஆள். அந்தச் சிரிப்பும் "எதுக்குப் பணம்?" என்ற கேள்வியும் ஒரே இடத்திலிருந்து வருவதாகத்தான் எனக்குப் படுகிறது. உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் எழுதுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சாயங்காலம் என்னிடம் வாசிக்க வரும் பிள்ளைகளில் அண்ணன் தம்பி ரெண்டு பேர் இருக்கிறார்கள். பாட்டிதான் வளர்க்கிறது. அவர்களுக்குக் காலட்சேபத்தை மட்டும் போனில் போட்டுக் காட்டினேன். பாதி புரியவில்லை, ஆனாலும் பாகவதரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். முடிந்ததும் பெரியவன் கேட்டான்: "கிந்தன் எத்தனாவது வரைக்கும் படிச்சான் சார்?"

அவன் வருகிற ஜூனில் எட்டாவது போகிறான். நோட்டு, பை வாங்கித் தர நினைப்பவர்கள் வழக்கம்போல எனக்குப் போன் பண்ணுங்கள்.