பாலைவனக் கப்பலும் ஒரு கட்டிங் பிளேயரும்

லேத்தில் ஜாப்பைச் சரியாகப் பிடிக்காமல் மெஷினை ஓட விட்டால் என்ன ஆகும் என்று முதலாண்டிலேயே ஒர்க்‌ஷாப்பில் படித்திருக்கிறோம். ஒட்டகத்தின் மேல் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எந்த சிலபஸிலும் இல்லை. அதை நான் 2024 ஜனவரியில் ராஜஸ்தானில் பிராக்டிகலாகவே படித்துவிட்டு வந்தேன். இந்த மலரில் எழுதச் சொன்னபோது, 'அந்த ஒரு நாளைத் தவிர வேறு எதை எழுதுவது?' என்றுதான் தோன்றியது.

எங்கள் கல்விச் சுற்றுலாவின் பட்டியலில் டில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், ஜோத்பூர் மட்டும்தான் இருந்தன. ஜோத்பூரில் ஒரு நாள் மிச்சமானது. "இவ்வளவு தூரம் வந்துட்டு பாலைவனத்தப் பார்க்காமப் போனா ஊர்ல காறித் துப்புவாங்க சார்!" என்று நாங்கள் கெஞ்ச, ஆசிரியர்கள் இருவரும் மனமிரங்கினார்கள். இரவு ரயிலேறி விடியற்காலை ஜெய்சல்மேர், மறுபடி இரவு ரயிலேறி ஜோத்பூர். இதுதான் ஒப்பந்தம்.

ஜெய்சல்மேரில் இறங்கியதும் முதல் பாடம். பாலைவனம் என்றால் வெயில்தானே என்று ஸ்வெட்டரை ஜோத்பூரிலேயே வைத்துவிட்டு வந்த பத்துப் பேரும் பல் கிடுகிடுக்க நின்றோம். வெயில் ஏறிய பிறகுதான் கண் திறந்தது. ராவல் ஜைசல் என்ற மன்னர் 1156இல் கட்டிய கோட்டை, மஞ்சள் மணற்கல்லில் பொன்னை உருக்கி வார்த்ததுபோல் நின்றது. உள்ளே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், துணி காய்கிறது, பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

கோட்டை வாசலில் ஒரு ஏஜெண்ட் எங்களைப் பிடித்துக்கொண்டார். ஜீப், ஒட்டகச் சவாரி, டீ எல்லாம் சேர்த்துத் தலைக்கு 600 ரூபாய். சுற்றுலாக் குழுவின் கணக்குப்பிள்ளை நான். விடுவேனா? என்னோடு இருந்த நண்பன் அப்பாவின் ராணுவ வேலையால் கேந்திரிய வித்யாலயாவில் படித்தவன். ஆகவே அவனுக்குக் 'கேவி' என்று பெயர். நான் தமிழில் பேசப் பேச அவன் இந்தியில் பேசினான். அரை மணி நேரம் போராடி, இரண்டு முறை கோபித்துக்கொண்டு போவதுபோல் நடித்து, 350 ரூபாய்க்கு முடித்தேன். தலைக்கு 250 ரூபாய் லாபம்! இருபத்திரண்டு பேரும் என்னைத் தோளில் தூக்காத குறைதான். அந்தப் பெருமை மாலை வரைதான் நீடிக்கப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

சாம் மணல்மேடுகள் ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். வழியெல்லாம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. சாலையோரம் பார்த்தால் நம்மூர் எருக்கஞ்செடி! கொஞ்ச தூரத்தில் ஒரு மரம். "கேஜ்ரி, இதான் எங்க ஸ்டேட் மரம்" என்றார் டிரைவர். இறங்கிப் பார்த்தால் நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னி மரம்! இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்தும் ஊர் முகம் பார்த்தது போல இருந்தது.

சாமில் ஆளுக்கொரு திசையில் ஒட்டகங்கள் அசை போட்டபடி படுத்திருந்தன. ஓர் ஒட்டகத்துக்கு இரண்டு பேர். "எங்களுக்கு முதுகுவலிப்பா" என்று ஆசிரியர்கள் டீக்கடை பெஞ்சில் அமர்ந்துவிட்டார்கள். எனக்கும் கேவிக்கும் வாய்த்த ஒட்டகத்தின் பெயர் 'ராக்கெட்'. ஓட்டுபவருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். வெயிலில் காய்ந்த முகம், பெரிய வெள்ளை மீசை, சிவப்புத் தலைப்பாகை. கேவி அவரைக் "காகா" என்று கூப்பிட்டான்.

"ஏண்டா அவரப் போய் காக்காங்குற?"

"டேய், காகான்னா இங்க சித்தப்பான்னு அர்த்தம். மூடிட்டு ஏறுடா."

ஏறினேன். காகா தொண்டைக்குள்ளிருந்து ஒரு ஒலி கொடுத்தார். அவ்வளவுதான்! ஒட்டகம் பின்னங்கால்களை முதலில் தூக்குகிறது. நான் தலைகீழாக மணலை நோக்கிச் சாய்ந்தேன். "அம்மா!" என்று கத்தி முடிப்பதற்குள் முன்னங்கால்களைத் தூக்கியது. இப்போது பின்னாலிருந்த கேவியின் மூக்கில் என் மண்டை. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தபோது முதல் மாடி உயரத்தில் இருந்தோம்.

நடக்க ஆரம்பித்த பிறகு எனக்குள் இருந்த மெக்கானிக்கல் மாணவன் விழித்துக்கொண்டான். மாடு நடப்பதுபோல் ஒட்டகம் நடப்பதில்லை. இடப்பக்கத்து இரண்டு கால்களும் சேர்ந்தே முன்னால் போகின்றன. பிறகு வலப்பக்கத்து இரண்டும். அதனால்தான் மேலே இருப்பவன் படகில் இருப்பவன்போல ஆடுகிறான். பாலைவனக் கப்பல் என்ற பெயர் சும்மா வரவில்லை!

பாதத்தைப் பாருங்கள். குளம்பு கிடையாது. இரண்டு விரல்களின் அடியில் அகலமான மெத்தை. கால் ஊன்றும்போது அது விரிகிறது. பரப்பு கூடினால் அழுத்தம் குறையும் என்று முதலாண்டு பிசிக்ஸில் எழுதி மார்க் வாங்கினோமே, அதுதான். நம் கால் கணுக்கால் வரை புதைகிற மணலில் ஐந்நூறு கிலோ உடம்பு அலட்டிக்கொள்ளாமல் போகிறது. மணற்காற்று அடித்தால் மூக்கை இறுக மூடிக்கொள்ளும், அது ஆயில் சீல். கண்ணுக்கு மூன்றாவதாக ஓர் இமை, அது வைப்பர். திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு. உடம்புச் சூட்டை 34 டிகிரியிலிருந்து 41 டிகிரி வரை ஏறி இறங்க விட்டு வியர்வையை மிச்சப்படுத்துகிறது. தண்ணீர் கிடைத்தாலோ ஒரே மூச்சில் நூறு லிட்டருக்கு மேல் குடித்துவிடும். நாம் மூன்று வருடம் படித்தும் வரைய முடியாத டிசைன்!

"கொஞ்சம் ஓடச் சொல்லுடா, பேர்தான் ராக்கெட்டா?" என்றேன். கேவி கேட்டான். காகா பதில் சொல்லாமல் ஒட்டகத்தின் நடையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னங்கால் ஒன்று லேசாக நொண்டுவது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவர் சட்டென்று நிறுத்தினார். ஒட்டகத்தைப் படுக்க வைத்து எங்களை இறங்கச் சொன்னார்.

ஒட்டகம் மடக்கிப் படுத்தால் முன்னங்கால் பாதம் மேல்நோக்கித் தெரியும். மணலைத் தட்டிவிட்டுப் பார்த்தார். மெத்தைக்குள் பச்சை நிறத்தில் ஏதோ மின்னியது. கண்ணாடி! உல்லாசமாக வந்த யாரோ குடித்துவிட்டு உடைத்துப் போட்ட பாட்டில் துண்டு. காகா விரலால் பிடித்துப் பார்த்தார். வழுக்கியது. ஒட்டகம் உறுமியது. ரத்தம் கசிந்தது.

எங்களுக்குப் பின்னால் வந்த ஒட்டகத்தில் எங்கள் வகுப்பு 'வயரிங்' இருந்தான். சனி, ஞாயிறுகளில் வீடுகளுக்கு வயரிங் வேலைக்குப் போகிறவன். டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் இல்லாமல் குளிக்கக்கூடப் போகமாட்டான் என்று அவனைக் கேலி செய்வோம். அன்று அவனைக் கூப்பிட்டுக் கத்தியது நான்தான்.

காகா மடங்கிய காலைக் கயிற்றால் சேர்த்துக் கட்டினார். எழ முடியாது, ஆனால் உதற முடியும். யாராவது காலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். யாரும் முன்வரவில்லை. நான் போய் உட்கார்ந்தேன். அதற்குக் காரணம் வீரம் இல்லை. என் அப்பா மாட்டுவண்டி ஓட்டியவர். செங்கல் சூளைக்கும் வீட்டு வேலை நடக்கும் இடத்துக்கும் நடை அடிப்பார். மாட்டுக்கு லாடம் கட்டும்போது கால் பிடிப்பது சின்ன வயதில் எனக்குக் கொடுத்த வேலை. கணுக்கு மேலே பிடித்து, முழங்கையால் அமுக்கி, மாட்டோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பார். அப்படியே பிடித்தேன். "ஒண்ணும் இல்லடா ராஜா, ஒண்ணும் இல்ல" என்று தஞ்சாவூர்த் தமிழில் ஒரு ராஜஸ்தான் ஒட்டகத்தோடு பேசினேன். வயரிங் பிளேயரைத் தண்ணீரில் கழுவி, மூச்சைப் பிடித்து, நேராக இழுத்தான். கட்டைவிரல் நகம் அளவுக்குத் துண்டு வந்து விழுந்தது. காகா குடிதண்ணீரைப் புண்ணில் ஊற்றி, தலைப்பாகையின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினார்.

மற்றவர்கள் மணல்மேட்டுக்குப் போய்விட்டார்கள். நானும் கேவியும் ராக்கெட்டோடு நடந்தே திரும்பினோம். சூரியன் மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நடையில்தான் காகா பேசினார். கேவி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

அவருடைய அப்பாவிடம் ஒரு மந்தையே இருந்ததாம். தண்ணீர் சுமக்க, கிணற்றில் இறைக்க, ஏர் உழ, மணப்பெண்ணை அழைத்து வர எல்லாவற்றுக்கும் ஒட்டகம். சாலை வந்தது, ஜீப் வந்தது, டிராக்டர் வந்தது. "இப்ப ஒட்டகத்துக்கு மிச்சம் இருக்கிற வேலை உங்கள மாதிரி ஆளுங்களச் சுமக்கிறது ஒண்ணுதான்" என்றார். ஒவ்வொன்றாக விற்று, மிச்சம் ராக்கெட் மட்டும். ஊர் திரும்பிய பிறகு தேடிப் பார்த்தேன். 1992இல் நாட்டில் சுமார் 10 லட்சம் ஒட்டகங்கள். 2012 கணக்கெடுப்பில் 4 லட்சம். 2019இல் இரண்டரை லட்சம். ராஜஸ்தான் 2014இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்து, 2015இல் அதைக் கொல்லவும் அனுமதியில்லாமல் வெளிமாநிலம் கொண்டுபோகவும் தடைச் சட்டம் போட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் "வாங்க வர்ற ஆள் குறைஞ்சு விலையும் விழுந்துடுச்சு" என்றார் காகா. நாங்கள் போன அந்த 2024ஆம் ஆண்டைத்தான் ஐக்கிய நாடுகள் சபை ஒட்டக இனங்களின் ஆண்டாக அறிவித்திருந்தது!

கடைசியில் கேவி கேட்டுவிட்டான். "காகா, எங்க சவாரிக்கு உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?"

"ஏஜெண்ட் ஒட்டகத்துக்கு 300 தர்றதா பேச்சு. இன்னிக்கு யாரோ ரொம்பப் பேரம் பேசிட்டாங்களாம். 200தான்னு சொல்லிட்டான். தீவனக் காசு போச்சு."

கேவி என்னைப் பார்த்தான். தமிழில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, பிறகு சொன்னான்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. வண்டி வாடகையில் இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்பவர்களைப் பற்றி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்வார்: "என் கூலியக் குறைச்சா பரவால்ல. மாட்டுத் தவிட்டுக் காசையும் சேர்த்துல்ல கேக்குறாங்க." நான் ஐந்தாவது படிக்கும்போது, டிராக்டர்கள் பெருகி நடை கிடைக்காமல், மாடுகளைச் சந்தையில் விற்றுவிட்டு வெறும் கயிறோடு வந்தார். அன்று அப்பா சாப்பிடவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைதான் கோட்டை வாசலில் பேரம் பேசி ஜெயித்தவன்!

டீக்கடைக்கு வந்ததும் என் பங்கு 250, கேவியின் பங்கு 250, நான் அடித்துக் குறைத்த அந்த 500 ரூபாயைக் காகாவிடம் நீட்டினேன். எதற்கு என்றார். "பேரம் பேசினது நான்தான்னு சொல்லுடா" என்றேன். கேவி சொன்னான். அவர் கோபப்படவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். பணத்தை எண்ணினார். 250ஐ மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மீதி 250ஐ என் கையில் திணித்தார்.

"பாதி வழிதானே ஏறி வந்தீங்க."

எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. எங்களுக்கு டீயும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார். புண் ஆற எத்தனை நாள் ஆகும் என்று கேட்டோம். பத்து நாளோ பதினைந்து நாளோ என்றார். அதுவரை ராக்கெட்டுக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டாலும் வயிறு உண்டு.

ரயிலில் எல்லோரும் மணல்மேட்டுப் போட்டோக்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். "உங்களுக்குப் பாதி சவாரிதானேடா, ஏஜெண்ட்கிட்ட பணத்தத் திருப்பிக் கேட்டிருக்கலாமே?" என்றான் ஒருவன். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நண்பர்களே, நாம் மெஷின் படிப்பவர்கள். ஜீப்பும் டிராக்டரும் நம் சோறு. அவை வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்பாவே அப்படிச் சொன்னதில்லை. நீங்கள் அந்தப் பக்கம் சுற்றுலா போனால் இரண்டே இரண்டு வேலை செய்யுங்கள். பாட்டிலை மணலில் உடைக்காதீர்கள். பேரம் பேசுமுன், குறைகிற காசு யார் பையிலிருந்து குறைகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்தப் பச்சைக் கண்ணாடித் துண்டு வயரிங்கின் டூல் பாக்ஸில் இருக்கிறது. காகா திருப்பிக் கொடுத்த 250ஐ நான் செலவழிக்கவில்லை. வேலை கிடைத்த பிறகு ஒருமுறை ஜெய்சல்மேர் போவேன். மிச்சப் பாதி வழியை ஏறிவிட்டு, அதைக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.