கூரைப் பீலியும் அயல்வீடும்

வீட்டின் உறுப்புகளுள் மனிதர் கண்ணுக்கு முற்றிலும் தப்பி நிற்பது கூரைப் பீலியே. முற்றத்தைக் காலை மாலை கூட்டுகின்றோம். கிணற்றை இறைத்துச் சேறு வாருகின்றோம். பெருநாள் வந்தால் சுவருக்கு வெள்ளை அடிக்கின்றோம். ஓட்டின் விளிம்பையொட்டி, தலைக்கு மேலே ஓடும் அந்த நீண்ட வாய்க்காலை மட்டும், மழைநீர் சுவரில் வழிந்திறங்கும் நாள்வரை எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பங்கின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லுமிடமெல்லாம் இதனைக் கண்டு வருகின்றோம். ஆதலின் அன்பார்ந்த வாசகர்களோடு இதுபற்றிச் சிறிது உரையாட விழைகின்றோம்.

நமது யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணாம்புக் கற்படையினூடாக இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. அந்த நீரையே ஆண்டு முழுவதும் நம்பி வாழ்கின்றோம். ஆயிரம் சதுர அடிக் கூரையின்மீது ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 2,300 லீற்றர் நீர் வந்து விழும். அதனைத் திரட்டித் தொட்டிக்கோ நிலத்துக்கோ ஒழுங்காய்க் கொண்டு சேர்ப்பது பீலியாகும். எனவேதான், "பீலியால் நுளம்பு பெருகுகின்றது, கழற்றி எறிந்துவிடுவோம்" என்று சிலர் கூறும்போது நமக்கு உவப்பாயில்லை. பீலியற்ற கூரையின் நீர் அத்திவாரத்தின் அருகிலேயே விழுந்து மண்ணை அரிக்கும். தெறிக்கும் சேறு சுவரில் பாசியாய்ப் படரும். எனினும், துப்புரவு செய்ய ஒருவருமே இல்லாத வீட்டிற்குப் பீலி இல்லாமையே மேல் என்பதையும் மறுப்பதற்கில்லை.

குப்பை ஒரே நாளில் சேருவதன்று. மாசி பங்குனியில் வேம்பு இலையுதிர்க்கும். அடுத்துப் பூவும், பின்னர் பழமும் விதையும் விழும். சோளகக் காற்று புழுதியையும் சருகையும் வாரிக்கொண்டு வரும். காகம் சுள்ளியும் எலும்பும் கொணர்ந்து வைக்கும். ஐப்பசி பிறக்கும்போது பீலியின் அடியில் எருவைப்போல ஒரு படை இறுகிக் கிடக்கும். சென்ற ஆண்டு ஓர் இல்லத்தின் பீலியில் முழ உயர அரசங்கன்று ஒன்று தளிர்விட்டுச் செழித்து நிற்கக் கண்டோம். வீட்டுக்காரரோ அதனை அறியார்! இத்தகைய பீலியில் குழாயின் வாயை அடைக்க ஒரேயொரு மாவிலை போதும். பின்னர் நீர் பின்புறமாக ஏறிக் கைமரத்தை நனைக்கும்; நனைந்த மரத்தைக் கறையான் தேடி வரும்.

மரம் உளுத்தால் வேறு மரம் வாங்கலாம். ஆனால் தேங்கிய நீரில் விளையும் தீங்கு அத்தகையதன்று. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் டெங்குக் காய்ச்சல் கண்டோரெனப் பதியப்பட்டவர் தொகை 1,86,000ஐத் தாண்டிற்று. இறந்தோர் 300க்கும் மேற்பட்டோர். டெங்கைப் பரப்பும் நுளம்பு சாக்கடையை நாடுவதில்லை. இலை ஊறிய மழைநீரே அதற்கு இனிய தொட்டில். முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க அதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். நீர் வற்றினாலும் பீலியின் பக்கங்களில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே நீரை வடித்துவிட்டால் தீர்ந்தது என எண்ணலாகாது. பக்கங்களைச் சுரண்டித் தேய்த்தல் வேண்டும். இன்னுமொன்று: இந்நுளம்பு நெடுந்தூரம் பறப்பதன்று. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து ஓரிருநூறு மீற்றருக்குள்ளேயே தன் வாழ்நாளைக் கழிக்கின்றது. உமது பிள்ளையைக் கடித்த நுளம்பு உமது வளவிலேயோ அயல் வளவிலேயோ பிறந்ததாகவே இருக்கும்.

இங்கேதான் நம் ஊரின் நிலை நெஞ்சை உறுத்துகின்றது. பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட்ட இல்லங்கள் எத்தனை! கடந்த மார்கழியில் எழுபது கடந்த ஒரு தாயாரைக் காணச் சென்றிருந்தோம். விறாந்தையில் மூன்று வாளிகள் வைத்திருந்தார். "என்னம்மா இது?" என்றோம். "பீலி அடைச்சுப் போச்சு, சுவாமி. மகன் ரொறன்ரோவிலையிருந்து காசு அனுப்புறான். காசு வருகுது, ஏணியிலை ஏற ஆள்தான் வரேல்லை" என்றார். அதே மகன் அங்கே தன் வீட்டுப் பீலியை ஆண்டுதோறும் கூலி கொடுத்து வாருவிக்கின்றாராம். மேப்பிள் இலை அடைத்த பீலியில் பனிக்காலத்து நீர் உறைந்தால், அதன் பாரமே பீலியை இழுத்து வீழ்த்திவிடும் என்பதால் அங்கே எவரும் அசட்டையாயிருப்பதில்லை போலும்.

அவ்வம்மையாரின் வீட்டுக்கு அப்பாலுள்ளது பூட்டிய வீடு, உரிமையாளர் வெளிநாட்டில். இரும்புப் படலையில் பெரிய பூட்டு. உள்ளே பலாமரம் தன் இலையையெல்லாம் கூரையில் சொரிந்துகொண்டிருந்தது. அதற்கடுத்த வீட்டில் ஒன்பது வயதுச் சிறுமி டெங்கினால் பதினொரு நாள் வைத்தியசாலையில் கிடந்து, மெலிந்து திரும்பியிருந்தாள். நுளம்பு எவ்வீட்டது என்று யார் சான்று பகர்வார்? ஆயினும் அச்சிறுமியின் தந்தை அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றது நம் கண்ணை விட்டு அகலவில்லை. நுளம்பு பெருக இடங்கொடுக்கும் உரிமையாளரைத் தண்டிக்க 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஆனால் பொதுச் சுகாதார பரிசோதகர் எத்தனை பூட்டின்முன் போய் நிற்பார்? வீட்டைப் பூட்டிச் செல்வோர் ஒரு திறப்பையும், ஆண்டுக்கு இருமுறை கூலி கொடுக்க வேண்டிய சிறு தொகையையும் அயலவர் ஒருவரிடம் ஒப்படைத்துச் செல்வதே நேர்மை என்பது நம் துணிபு. விமானச் சீட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டா?

செய்யும் முறை அரிதன்று. புரட்டாதி முடியுமுன் ஒருமுறையும், கார்த்திகை நடுவில் மழை ஓய்ந்த ஒருநாள் இன்னொரு முறையும் பீலியை வாருதல் வேண்டும். சிறு சாந்தகப்பையும் ஒரு வாளியும் போதும். குப்பையைக் குழாய்க்குள் தள்ளிவிடாது, வாளியில் எடுத்துத் தென்னையின் அடியில் இட்டால் நல்ல பசளை. பின்னர் நீர் ஊற்றிப் பார்த்து, எங்கே தேங்குகின்றதென அறிதல் வேண்டும். பிளாஸ்திக் பீலி தாங்கிகளிடையே தொய்ந்து குளமாவது வழக்கம். பத்தடிக்குக் கால் அங்குலமேனும் குழாயை நோக்கிச் சரிவு இருத்தல் நன்று. கம்பிவலை போடுவதைப் பலரும் புகழ்கின்றனர். மாவிலையையும் பலாவிலையையும் அது தடுக்கும். வேப்பம்பூவும் முருங்கையிலையும் அதனூடே சிரித்துக்கொண்டே நுழைந்துவிடும். ஆகவே வலை போட்டவரும் ஏணியை விற்றுவிட வேண்டாம். அயலவர் மரத்தை வெட்டச் சொல்லி வேலிச் சண்டைக்குப் போவோர்க்கு ஒன்று சொல்வோம்: பீலியின்மேல் சாயும் கொப்பை மட்டும் இருவரும் கூடி வெட்டினால் நிழலும் மிஞ்சும், உறவும் மிஞ்சும்.

முதியோர் தாமே ஏறுதல் ஆகாது. ஏறும் இளைஞரும் ஏணியைப் பீலியின்மீது சாத்தாது சுவரில் சாத்தி, நாலடி உயரத்திற்கு ஓரடி வீதம் அடியைத் தள்ளி வைத்து, கீழே ஒருவரைப் பிடிக்கச் செய்தல் வேண்டும். கூரையோரம் செல்லும் மின்கம்பியையும் கண்டுகொள்க.

அறைவீட்டில் பதினெட்டடி அலுமினிய ஏணி ஒன்று உளது. வேண்டுவோர் கேட்டு எடுத்துச் செல்லலாம். அன்று மாலையே திருப்பித் தந்துவிடுங்கள். அடுத்த வீட்டாரும் காத்திருப்பர்.