நிறுத்தத்திற்குச் செல்லும் வழி

ஒரு பேருந்து எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதை அளப்பது எளிது. அதில் ஏறவேண்டிய மனிதர் அதனை எவ்வளவு எளிதாகச் சென்றடைகிறார் என்பதை அளப்போர் மிகச் சிலரே. முன்னதைக் கடிகாரம் சொல்லிவிடும். பின்னதைக் கால்கள்தாம் சொல்ல வேண்டும். கால்கள் சொல்லும் கணக்கு அரசு ஏடுகளில் எளிதில் ஏறுவதில்லை. அதனை ஏற்றுமாறு மாநில அரசை நாடிய ஒரு நகரம் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உண்டு. அதன் பெயர் ஆப்பிள் வேலி.

மினியாப்பொலிஸ் மாநகருக்குத் தெற்கே அமைந்த புறநகர் அது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 56,000க்குச் சற்று அதிகம். ஊரின் ஊடே வடக்குத் தெற்காகச் சீடர் நெடுஞ்சாலை செல்கிறது. 2013ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், இச்சாலை வழியே ‘சிவப்புத் தடம்’ என்னும் சேவை தொடங்கிற்று. மின்னசோட்டாவின் முதல் விரைவுப் பேருந்துத் தடம் இதுவே. வடகோடியில் புளூமிங்டன் நகரத்தின் ‘மால் ஆப் அமெரிக்கா’ பேரங்காடி. அங்கிருந்து மினியாப்பொலிஸ் செல்ல ரயில் உண்டு. தென்கோடியில் ஆப்பிள் வேலி.

விரைவுப் பேருந்து என்றால் வேகமாக ஓட்டப்படும் பேருந்து என்று பலர் எண்ணுவர். அதன் தாயகமான பிரேசில் நாட்டின் குரிட்டிபா நகரம் வேறு பாடம் சொல்கிறது. அங்கு 1974ஆம் ஆண்டில் பேருந்துகளுக்கெனத் தனித் தடங்கள் திறக்கப்பட்டன. 1991ஆம் ஆண்டில் கண்ணாடிக் குழாய் போன்ற நிலையங்கள் எழுந்தன. பயணி உள்ளே நுழையும்போதே கட்டணம் செலுத்திவிடுவார். நிலையத்தின் தளமும் பேருந்தின் தளமும் ஒரே மட்டத்தில் இருக்கும். படி ஏற வேண்டியதில்லை. சில்லறை தேட வேண்டியதில்லை. வேகத்திற்குத் தனித் தடம் எவ்வளவு காரணமோ, ஏறும் வழி எளிதானதும் அவ்வளவு காரணம்.

இந்தப் பாடத்தைச் சீடர் சாலையில் வைத்துப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். சாலையின் ஒரு பக்கத்தில் வடக்கே செல்லும் பேருந்து நிற்கும். எதிர்ப்பக்கத்தில் தெற்கே வரும் பேருந்து நிற்கும். காலையில் வீட்டுப் பக்கமே பேருந்து கிடைத்தவர், மாலையில் எதிர்ப்பக்கம் இறக்கப்படுவார். மாலையில் வீட்டு வாயில் பக்கமே இறங்குபவர், காலையில் மறுபக்கம் போய்த்தான் ஏறியிருப்பார். ஆகவே வீடு எப்பக்கம் இருந்தாலும், போய்த் திரும்பும் ஒவ்வொருவரும் நாளுக்கு ஒரு முறையேனும் அந்த அகன்ற சாலையைக் கடந்தே ஆக வேண்டும். இருபுறமும் பல தடங்களில் வாகனங்கள் பாய்ந்தோடும் சாலை அது. சனவரி இரவுகளில் உறைநிலைக்குக் கீழே பத்துப் பாகைக்கும் அதிகமாக வெப்பம் தாழ்வது அங்கு வழக்கம். பனி உறைந்து வழுக்கும் தரையில், கைத்தடி ஊன்றிய முதியவரும் குழந்தையைச் சுமந்த தாயும் விளக்கு மாறுவதற்குள் அக்கரை சேர வேண்டும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்னும் பழமொழி இவர்களுக்கே பொருந்தும்.

இத்துன்பத்திற்கு மருந்து அப்பகுதியினர் அறியாததன்று. மினியாப்பொலிஸ் நகரில் 1962ஆம் ஆண்டு முதற்கொண்டே கட்டடங்களை இணைக்கும் மூடிய நடைபாலங்கள் எழுந்து வந்துள்ளன. சிவப்புத் தடத்திலும், ஆப்பிள் வேலியின் முதன்மை நிலையத்தில் அத்தகைய பாலம் உண்டு. பக்கத்து ஈகன் நகரின் நிலையமோ முதலில் நெடுஞ்சாலையை விட்டு விலகி இருந்தது. பேருந்து விலகிச் சென்று திரும்புவதில் நேரம் வீணாயிற்று. 2017ஆம் ஆண்டில் சாலையின் நடுவிலேயே புதிய நிலையம் கட்டி, அதற்கு நடைபாலமும் அமைத்தனர். இவற்றைப் போலவே 147ஆம் தெரு நிலையத்திலும் ஒரு நடைபாலம் வேண்டும் என்றே ஆப்பிள் வேலி மாநில நிதியை நாடியது.

மின்னசோட்டாவில் இத்தகைய பணிகளுக்கு மாநிலம் கடன் பத்திரங்கள் வெளியிட்டுப் பணம் திரட்டுகிறது. அதற்குச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கினர் இசைய வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. கட்சிகள் பிணங்கினால் பாலமும் நிற்கும், குடிநீர்க் குழாயும் நிற்கும். 2020ஆம் ஆண்டுக்கான மசோதா அக்டோபர் மாதத்தில்தான் நிறைவேறியது. 2022, 2024 ஆகிய ஆண்டுகளின் கூட்டத்தொடர்களோ அத்தகைய மசோதா இன்றியே முடிந்தன. மாநிலத்தை நம்பிய நகரங்களுக்குப் பொறுமையும் ஒரு மூலதனமாக வேண்டும்.

தொலைவில் உழும் விவசாயி தம் வரிப்பணத்தில் ஓர் ஊரின் நடைபாலத்தை ஏன் கட்ட வேண்டும்? இக்கேள்வி நியாயமானதே. விடையும் அச்சாலையிலேயே கிடக்கிறது. சீடர் சாலை இத்துணை அகலமானது ஆப்பிள் வேலி மக்களுக்காக மட்டும் அன்று. பல ஊர்களின் வாகனங்கள் விரைந்து செல்வதற்காக. அந்த அகலத்தால் வரும் பயன் பலருக்கும் உரியது என்றால், அதனால் வரும் இடரை நீக்கும் செலவும் பலருக்கும் உரியதே.

மற்றொரு கேள்வியும் எழும். அத்தடத்தில் பயணம் செய்வோர் எதிர்பார்த்த அளவு இல்லையே, சிலருக்காகவா இவ்வளவு செலவு? ஆளில்லாததால் வழி அமைக்கவில்லை என்பர் ஒரு சாரார். வழி இல்லாததால் ஆள் வரவில்லை என்பர் மறுசாரார். ஆற்றை நீந்திக் கடப்போரின் தொகையை எண்ணிப் பாலத்தின் தேவையை எவரும் முடிவு செய்வதில்லை. பாலம் எழுந்த பிறகே அக்கரைக்குப் போக விரும்பியோர் எத்துணைப் பேர் என்பது தெரியவரும்.

பாலம் ஒன்றே போதும் என்பதும் இல்லை. மின்தூக்கி பழுதானால், முழங்கால் நோவுடையவர்க்கு அதே பாலம் மலையாகிவிடும். ஆகவே கட்டுவதற்குக் கேட்கும் நகரம், காலமெல்லாம் பேணும் கடமையையும் சேர்த்தே ஏற்க வேண்டும். பேருந்தில் ஏறியபின் கிடைக்கும் வேகத்திற்குப் பணம் கொடுக்க அரசுகள் தயங்குவதில்லை. ஏறுமுன் நடக்கும் அந்தச் சில நூறு அடிகளுக்கும் அதே மதிப்பை அளிக்கும் நாளில்தான், முதியவர்க்கும் தாய்க்கும் அது விரைவுப் பேருந்தாகும்.