யார் வீட்டுப் பால்?

சென்ற பருவம் முழுவதும் மன்றக் கூட்டங்களில் என்னைக் காணாத நண்பர்கள் காரணம் வினவினர். "வீட்டில் சிறிது வேலை" என்று கூறி நழுவினேன். உண்மையில் 71 நாட்கள் தாராவிக்கும் சயானுக்கும் இடையே சோற்றுத் தூக்கைச் சுமந்துகொண்டிருந்தேன். பருவத் தேர்வில் நான் பெற்ற மதிப்பெண்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

என் அக்காளுக்கு 28ஆம் வாரத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. எடை 980 கிராம். "ஒரு படி அரிசி கனம்கூட இல்லையே!" என்று அம்மா அழுதாள். நாம் சயான் ஆஸ்பத்திரி என்று சொல்லும் லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையில் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூச்சு விடுவதையே சில வேளை அது மறந்துவிடும். கருவி மணியடிக்கும், செவிலி உள்ளங்காலை மெல்லச் சுண்டுவார், மூச்சு திரும்பும். பிறந்தபின் தானே மூட வேண்டிய இதயத்தருகுக் குழாயும் மூடவில்லை. பின்னர் இரத்தத்தில் கிருமி. எடை 20 கிராம் கூடினால் எங்கள் வீட்டில் திருவிழா. மறுநாள் 30 குறைந்தால் அடுப்பெரியாது.

முதல் நாட்களில் அக்காளுக்குப் பால் சுரக்கவில்லை. தாய்ப்பால் வங்கியிலிருந்து கொடுப்பதாக மருத்துவர் கூறினார். அன்றுதான் எங்கள் குடும்பத்தில் சண்டை மூண்டது.

"யாரு வீட்டுப் பாலுலே அது? என்ன சாதியோ, என்ன நோயோ!" என்றாள் அம்மா. திருநெல்வேலியை விட்டு முப்பது ஆண்டாகியும் அந்தக் கேள்வி மட்டும் அவளுடன் ரயிலேறி வந்திருந்தது. எனக்கு நாணமாக இருந்தது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: நோய் பற்றிய அச்சம் எனக்கும் இருந்தது.

அதனால் விசாரித்தேன். டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் 1989இல் தொடங்கிய வங்கி அது. ஆசியாவிலேயே முதலாவது என்கிறார்கள். மாவுப்பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோய் மிகுதியாக வருகிறது; தாய்ப்பால் அந்த ஆபத்தைக் குறைக்கிறது. கொடுக்கும் தாய்மாருக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி முதலியவற்றுக்குச் சோதனை உண்டு. பாலை 62.5 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துப் பின் உறைய வைக்கிறார்கள். பணம் வாங்குவதில்லை. பல தாய்மாரின் பாலை ஒன்றாகக் கலந்துவிடுவதால், யார் வீட்டுப் பால் என்ற கேள்விக்கு விடையே கிடையாது!

அக்காள் இவ்வளவும் கேட்கவில்லை. "குடுங்க, சிஸ்டர்" என்றாள். மூக்குக் குழாய் வழியே முதன்முறை சென்றது 1 மில்லி. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அம்மா ஒன்றும் பேசவில்லை.

இரண்டு மணிக்கொரு முறை, இரவும் பகலும், அக்காள் பால் பிழிந்து கொடுக்க முயன்றாள். 19 நாட்கள் குழந்தையைத் தூக்கவே முடியாத தாய்க்கு அதுவே தாய்மையாக இருந்தது. பின்னர் மார்போடு அணைத்து வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டிகள் போதாத கொலம்பியா நாட்டுப் போகோட்டா நகரில், 1978இல் டாக்டர் எட்கர் ரே கண்ட வழி இது. இப்போது வசதியுள்ள நாடுகளும் இதைப் பின்பற்றுகின்றன.

ஒரு நாள் அக்காளுக்குக் காய்ச்சல். அத்தானை அழைத்தார்கள். அவர் தாராவியில் தோல்பைப் பட்டறைத் தொழிலாளி. முழங்கை வரை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும், "தோல் வாடை போகலையே மாப்பிள்ளை" என்று என்னிடம் தயங்கினார். செவிலி சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லிக் குழந்தையை அவர் மார்பில் வைத்தார். இரண்டு மணி நேரம் அவர் அசையவில்லை. அந்த இரண்டு மணி நேரமும் கருவி மணியடிக்கவில்லை.

ஐந்தாம் வாரத்தில் அக்காளுக்குத் தேவைக்கு மேல் பால் சுரந்தது. மிகுந்ததை வங்கிக்குக் கொடுத்தாள். அதே வாரம் அடுத்த படுக்கைக்காரியின் மாமியார் வராந்தாவில் அதே சந்தேகத்தை எழுப்பினார். அவரும் நம் ஊர்ப்பக்கத்தவர். அம்மா தூக்கைத் திறந்து அவருக்கு இரண்டு இட்டலி வைத்துவிட்டு, "நானும் கேட்டேன் தாயி. இப்ப என் மக பாலும் அதுலதான் இருக்கு. குடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது எடை 1,850 கிராம். மணியோசை இல்லாத இரவுகள் எங்களுக்கு அச்சமாக இருந்தன; முறைவைத்து விழித்து, மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தோம். குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை கெடக்கூடும் என்பதால் கண் சோதனை இன்னும் தொடர்கிறது. அடுத்தது வரும் வியாழக்கிழமை. அன்றும் நான் வகுப்பில் இருக்க மாட்டேன். குறிப்பேடு தந்துதவப்போகும் நண்பர் யாரென்று முன்னரே தெரிந்தால் நன்று.