தொட்டில் பாட்டுக்கு ஒரு வகுப்பறை

இராஜபாளையம் என்றதும் நாயும், பஞ்சாலையும், ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியும்தான் நம் நினைவுக்கு வரும். மாம்பழத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால், நாட்டுப்பாட்டைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோய்ச் சேர்த்த பெண்மணியும் இந்தப் பக்கத்துக்காரர்தான் என்பது எத்தனை சகோதரிகளுக்குத் தெரியும்?

டாக்டர் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் கணவரோடு கிராமம் கிராமமாகப் போனார். நாற்று நடுகிறவர்கள், களை எடுக்கிறவர்கள், திண்ணைப் பாட்டிகள் எல்லோரிடமும் கேட்டு ஆயிரக்கணக்கான பாட்டுகளைச் சேகரித்தார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறக் கலையை மாணவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். 2018-ல் பத்மஸ்ரீ விருது தேடி வந்தது.

“பாட்டி பாடுறதைப் போய் காலேஜிலே படிக்கணுமாக்கும்!” என்று சிரிப்பவர்கள் உண்டு. சீனாவில் 1918-லேயே பீக்கிங் பல்கலைக்கழகம், ‘உங்கள் ஊர்ப் பாட்டுகளை எழுதி அனுப்புங்கள்’ என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டது. இன்று அங்கே இசைக் கல்லூரிகளில் நாட்டுப்பாட்டுக்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது.

படிக்க வைப்பது நல்லதுதான். ஆனால் அதில் ஒரு சிக்கல். தாலாட்டின் தாளம் தூளி ஆடுகிற ஆட்டத்தில் இருக்கிறது. வகுப்பறையில் தூளியும் இல்லை, அழுகிற பிள்ளையும் இல்லை. அதோடு, நம் பெண்கள் ஒரு தாலாட்டை இரண்டு தடவை ஒரே மாதிரி பாடுவதில்லை. தாய்மாமன் சீர் கொண்டுவந்தால் புகழ்ச்சி ஏறும். வராவிட்டால் குத்தல் ஏறும்! மாமியாரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாததை எல்லாம் பிள்ளையைச் சாக்கு வைத்துச் சொல்லிவிடுவாள் மருமகள். புத்தகத்தில் அச்சேறினால் ஒரே ஒரு பாடம்தான் நிற்கும். பரீட்சைக்கு அதுதான் ‘சரியான’ பாட்டு என்றாகிவிடும். என்னைக் கேட்டால், பாடத் தெரிந்த கிராமத்துப் பாட்டியை வாத்தியார் நாற்காலியிலேயே உட்காரவைக்க வேண்டும்.

இராஜபாளையத்திலிருந்து வடக்கே பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். மேற்கே மலை கூடவே வரும். 192 அடி கோபுரம் தூரத்திலேயே தெரிந்துவிடும். எல்லோரும் ஆண்டாளைத்தான் தேடிப் போகிறார்கள், போகட்டும். நாம் அவள் தகப்பனார் பெரியாழ்வாரையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால், யசோதையாகத் தம்மைப் பாவித்துக் கண்ணனைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டினார் அவர். நிலாவைக் கூப்பிட்டார், சப்பாணி கொட்டச் சொன்னார், தளர்நடை நடக்கவைத்தார், நீராட்டினார், காதும் குத்தினார். வீட்டுப் பெண்கள் பிள்ளைக்குச் செய்கிறதெல்லாம் அப்படியே திவ்யப் பிரபந்தத்தில் ஏறிவிட்டது. ஆண்டாளின் திருப்பாவை முப்பதும் தோழிகள் கூடிப் பாடுகிற பாட்டுதானே? எழுத்தில் ஏறியும் அவை உயிரோடிருக்கக் காரணம், மார்கழி தவறாமல் வாயால் பாடி வருவதுதான்.

இளந்தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலேயே குழந்தை தாயின் குரலைக் கேட்டுப் பழகிவிடுகிறது. அதனால் ‘எனக்குக் குரல் நன்றாயில்லையே’ என்று போனில் தாலாட்டை ஓடவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். குழந்தைக்குத் தெரிந்த குரல் உங்களுடையதுதான்.

அந்த போனுக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறபோது வீட்டுப் பாட்டியையும் கூட்டிப் போங்கள். கூட்டம் நெரிக்கும், கைக்குழந்தை இருந்தால் வேறு நாள் பாருங்கள். திரும்புகிற வழியில் பாட்டியைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எந்த ஊரில், யாரிடம் கற்ற பாட்டு என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். “எனக்கென்னடீ தெரியும்” என்று வெட்கப்படுவார். கொஞ்சம் பால்கோவா வாங்கிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.