பதக்கத்திற்கு முன்னும் பின்னும்

ஒரு நாட்டார் தம் விளையாட்டு வீரரைப் போற்றுந் திறத்தை அறிய விழைவோர், வென்றார்க்கு அவர் வழங்கும் பரிசுத் தொகையை எண்ணிப் பார்ப்பது வழக்கம். அத்தொகை வீரரின் வாழ்வில் எப்பொழுது வந்து சேர்ந்தது என்று வினவுவார் சிலரே. இவ்வினா எம் மனத்தில் எழுந்தது திருவரங்குளத்திலேயாம்.

புதுக்கோட்டையினின்று ஆலங்குடி செல்லும் சாலையில், அரதீர்த்தேசுவரர் கோயில் கொண்டிருக்கும் அவ்வூரில் யாம் சில விடுமுறைகளைக் கழித்ததுண்டு. பொழுது புலருமுன்னரே செம்மண் வெளியிற் சிறுமியர் ஐவர் அறுவர் ஓடுவர். எவர் காலிலும் பாதரட்சை இல்லை. அவர்களுள் ஒருத்தி ஏனையோரை எளிதிற் பின்னிட்டு முந்திரித் தோப்புவரை சென்று மீள்வாள். அவள் தாயாரைக் கண்டு, மகள் நன்றாக ஓடுகின்றாள் என்று புகழ்ந்தோம். அவ்வம்மையார் நகைத்து, “ஓட்டத்துக்குக் குறைச்சலில்லை தம்பி, ஓடி வந்தப்புறம் எடுக்கிற பசிக்குத்தான் நம்மகிட்ட வழியில்லை” என்றார். புகழ்ச்சியன்றி வேறொன்றுங் கொண்டு செல்லாத யாம் வாளா இருந்தோம்.

இம்மாவட்டத்துக் கத்தக்குறிச்சியிற் பிறந்த சாந்தி சௌந்தரராசனின் வரலாற்றை நேயர்கள் அறிவர். செங்கற் சூளையில் உழைத்த பெற்றோரின் மகளாகிய அவர், பாட்டனார் தந்த ஊக்கத்தால் ஓடத் தொடங்கி, 2006ஆம் ஆண்டு தோகா நகரத்து ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பாலினச் சோதனையொன்றைக் காரணங்காட்டி அப்பதக்கம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. அக்கொடுமை தனியே எழுதத் தக்கது. தமிழ்நாட்டு அரசு அவருக்கு அளித்த 15 இலட்ச ரூபாயை மீளக் கேட்கவில்லை. அவரும் அப்பொருளைக்கொண்டு ஏழைச் சிறார்க்கு ஓட்டப் பயிற்சி அளிக்க முற்பட்டார். ஆயினும் 2012இல் வறுமை அவரையே செங்கற் சூளைக்கு அனுப்பியது. பெங்களூரில் முறையாகப் பயின்று அரசுப் பயிற்சியாளராக அவர் அமர்ந்தது அதன் பின்னரே. ஒருமுறை வரும் பெருந்தொகை திங்கள்தோறும் வரும் சிறு ஊதியத்திற்கு ஈடாகாது என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட எம்மாலியலாது.

பிறநாட்டார் செய்வதென்னை? 1996இல் அத்லாந்தா ஒலிம்பிக்கிற் பிரிட்டன் பெற்ற தங்கம் ஒன்றே. அவ்விழிவு பொறாத அந்நாட்டார், மறு ஆண்டு முதல் தேசியப் பரிசுச்சீட்டு வருவாயின் ஒரு பகுதியை வீரர்க்கும் பயிற்சியாளர்க்கும் நெறியாகச் செலவிட்டனர். 2012இல் இலண்டனில் அவர் பெற்ற தங்கம் 29. இம்முறையிலுங் கடுமை உண்டு: 2016இல் வெண்கலம் வென்றுங்கூடப் பூப்பந்தாட்டத்தார்க்கு அவ்வாண்டின் இறுதியில் நிதி நிறுத்தப்பட்டது. அமெரிக்க ஒலிம்பிக் குழு நடுவணரசின் பொருளைப் பெறுவதில்லை. ஆங்கு வீரரை உருவாக்குவன பெரும்பாலும் கல்லூரிகளின் உதவிச்சம்பளங்களே. கிழக்கு ஜெர்மனி, சிறுமியர்க்கு அவரறியாமலே மருந்தூட்டிப் பதக்கங் குவித்தது. அவ்வழியை நினைப்பதும் பாவம். நார்வே நாட்டாரை எமக்குப் பெரிதும் பிடிக்கும். பதினோரு வயதிற்குட்பட்ட சிறார்க்கு வெற்றி தோல்விப் பட்டியலே வெளியிடலாகாதென்று விதித்திருக்கும் அவர்கள், 2022ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்றனர்.

நம் நாட்டிலும் ஒன்றுஞ் செய்யவில்லை என்று கூறுதல் நீதியன்று. 2014இல் தோன்றிய ஒலிம்பிக் திட்டம், தேர்ந்த வீரர்க்குத் திங்கள் 50,000 ரூபாய் கைச்செலவுக்கு வழங்கியது. 2018இல் தொடங்கிய கேலோ இந்தியாத் திட்டத்தில் இளைஞர்க்கு ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் வீதம் எட்டாண்டுகட்கு உதவி அறிவிக்கப்பெற்றது. ஆனால் இவற்றைப் பெறுதற்கு முன்னமே ஒருவர் கண்ணிற் படுதல் வேண்டும். முந்திரித் தோப்பருகே ஓடுபவளை எவர் கண்டார்?

திருவரங்குளத்திற்கு அணித்தே வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி நிலையம் உளது. ஆங்குப் புதிய உளுந்தொன்றை வெளியிடுமுன் பல பருவங்கள் விதைத்தும் கழித்தும் பார்ப்பர். பெரும்பாலானவை பயன்படாமற் போம். போனவற்றுக்குஞ் செலவிட்டமையாலன்றோ வம்பன் 8 என்னும் உளுந்து உழவர் கைக்கு வந்தது! அச்செலவை வீணென்று எவருங் குறைகூறக் கேட்டிலோம்.

2021இல் தமிழ்நாட்டு அரசு, ஒலிம்பிக்கில் தங்கம் வெல்வார்க்கு 3 கோடி ரூபாய் அறிவித்தது. அதனைக் குறைக்குமாறு யாம் வேண்டவில்லை. ஒரு மாலை கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தோம். முட்டை, பால், நிலக்கடலை, புதுக்கோட்டை மைதானஞ் சென்றுவரப் பேருந்துக் கட்டணம், ஆண்டுக்கொருமுறை பாதரட்சை ஆகிய இவற்றுக்கெனத் திங்கள் 3,000 ரூபாய் வைத்துக்கொண்டால், அவ்வொரு தங்கத்தின் விலை 100 சிறார்க்கு எட்டாண்டும் நான்கு திங்களும் போதும்.