ஒரு விநாடியின் நீளம்

மேசையில் வெள்ளைத் துணி விரித்திருக்கிறார் கேமரா பழுதுபார்க்கும் பாய். கடுகளவு திருகாணி நழுவினாலும் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. திருவல்லிக்கேணி எல்லிஸ் ரோட்டுப் பக்கம், குறுகலான படியேறிப் போனால் வரும் மாடியறை இது. துணியின் நடுவே ஒரு யாஷிகா மேட் 124ஜி, முன்பலகை கழற்றப்பட்டு, பல்சக்கரங்கள் தெரியக் கிடக்கிறது. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படமெடுப்பதற்கு என்றிருந்த இந்த இரட்டைக்கண் கேமராவில்தான் நம் அப்பா, அம்மாக்களின் கல்யாணப் படங்கள் எத்தனையோ எடுக்கப்பட்டன.

"வேகமா வெச்சா அடிக்குது தம்பி. ஒரு செகண்டுக்கு வெச்சா திறந்தபடியே நின்னுடுது."

காரணம் எண்ணெய். ஷட்டர் இதழ்களைத் தாமதித்து மூட வைப்பது ஒரு சின்னப் பல்சக்கர வரிசை. அதில் இருந்த எண்ணெய் காலப்போக்கில் பிசினாகிச் சக்கரங்களைப் பிடித்துக்கொள்கிறது. பாய் மெல்லிய தூரிகையை ஒயிட் பெட்ரோலில் தோய்த்து, சக்கரம் சக்கரமாகக் கழுவுகிறார். காயவிட்டு மறுபடி கழுவுகிறார். பிறகு ஊசிமுனையில் ஒட்டும் அளவு புதிய எண்ணெய், அதுவும் அச்சுகளுக்கு மட்டும். இதழ்களில் ஈரமே இருக்கக் கூடாது. இங்கே வரும் கேமராக்களில் பல, தையல் மெஷின் எண்ணெயை யாரோ ஆசையாக ஊற்றியதால் கெட்டவை.

சோதிக்கும் முறைதான் என்னைக் கட்டிப்போட்டது. கேமராவைக் காதருகே வைத்து, ஒரு விநாடிக்குத் திருப்பி அழுத்துகிறார். 'சர்ர்ர்' என்று சக்கரங்கள் ஓடி, 'டிக்' என்று மூடுகிறது. "இழுக்குது" என்று மறுபடி திறக்கிறார். ஒளி உணரும் ஒரு பெட்டியும் அவரிடம் உண்டு. அதை இணைத்துப் பார்த்தபோது அவர் காது சொன்னதையே அதுவும் சொன்னது. ஒரு விநாடி எவ்வளவு நீளம் என்பது அந்தக் காதுக்குத் தெரிந்திருக்கிறது.

லென்ஸ் பூஞ்சை வேறு கதை. கடலோர ஊரின் ஈரத்தில், தோலுறைக்குள் அடைத்து வைத்த கேமராவின் கண்ணாடியில் சிலந்தி வலைபோலப் படர்கிறது. சீக்கிரம் வந்தால் துடைத்துவிடலாம். கண்ணாடியையே அரித்துவிட்டால் பாயும் ஒன்றும் செய்வதற்கில்லை.

சுவரோரம் நிற்கிறது ஒரு தேக்குமரக் கேமரா, வாகீஸ்வரி. 1940களில் ஆலப்புழையில் கே. கருணாகரன் செய்யத் தொடங்கியது. அவருடையது இசைக்கருவிகள் செய்யும் குடும்பம். ஆர்மோனியத் துருத்தியை மடிக்கத் தெரிந்த கைக்குக் கேமராவின் பெல்லோஸை மடிப்பதும் கைவந்தது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பரவசம் உண்டு. பாய் விளக்கை அணைத்து, பெல்லோஸுக்குள் டார்ச்சை நுழைத்தார். மடிப்பின் மூலைகளில் மூன்று இடத்தில் ஊசி ஒளி. அத்தனையும் நெகட்டிவில் வெளிச்சப் புகையாகப் படியும். கருப்புத் துணியை ஒட்டி அடைக்கலாம். புதிதாகவே மடித்துத் தரும் ஆள் இப்போது கிடைப்பதில்லை என்றார்.

அலமாரியில் 'இந்து' ஃபிலிமின் காலி அட்டைப்பெட்டி ஒன்றும் இருந்தது. 1960இல் பதிவாகி, 1967இல் உற்பத்தி தொடங்கிய உதகை இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் சரக்கு. 2016இல் அதை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. நம் மலையில் பூசிய ஃபிலிமை நம் கேமராவில் போட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று ரோல் கப்பலேறி வருகிறது. ஆனாலும் பாயிடம் வருவோரில் பாதிப்பேர் கல்லூரிப் பிள்ளைகள். தாத்தாவின் கேமராவைத் துணியில் சுற்றி எடுத்து வருகிறார்கள்.

பழைய பொருள்மேல் பைத்தியம் எனக்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைத் தெருக்கடைகளில் அலைந்திருக்கிறேன். ஆனால் காபிக்கடைச் சுவரில் அழகுக்கு ஆணியடித்து மாட்டிய கேமராவைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. தமிழக ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடியெடுத்து எண்மமாக்கியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம். படங்களுக்கு அப்படி ஓர் ஆவணக்காப்பு கிடைத்தது. 'இழுக்குது' என்று கேட்டறியும் காதை எங்கே சேமிப்பது? பாயின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மாலையில் ஒரு பெண் மட்டும் வந்து கற்றுக்கொள்கிறாள். அன்று அவளுக்கு ஒரே ஒரு ஸ்பிரிங்கை மாட்டும் வேலை. எகிறிப் போகப் போக, தேடியெடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். பாய் வாங்கிச் செய்துகொடுக்கவில்லை.

உங்கள் வீட்டில் பரோடாவில் செய்த அக்ஃபா க்ளிக் III இருக்கலாம். அதற்கான 120 ரோல் இன்றும் விற்கிறது. பன்னிரண்டு படம் விழும். தோலுறையிலிருந்து வெளியே எடுத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை ஷட்டரை அடித்துப் பாருங்கள். சிக்கினால் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். எண்ணெய் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.